தொலைக்காவற் கருவியும் எச்சரிக்கை எல்லையும்

காவல் இருவகைப்படும். காக்கப்படும் பொருளின் அருகே நின்று கண்ணால் நோக்கிக் காத்தல் ஒன்று; சேய்மையில் இருந்துகொண்டு ஓர் அடையாளத்தால் அதன் நிலையை அறிந்து காத்தல் மற்றொன்று. முன்னையது எளிது, பின்னையதற்கு அறிவும் ஒழுங்கும் மிகுதியும் வேண்டும். இப் பின்னைய காவலுக்கு நம் முத்துக்குளித்துறையிலேயே பழைய சான்றொன்று உண்டு. மன்னார்க் குடாவின் முத்துப் பார்களில் குளியாள் கல்லின் துணைகொண்டு கடலடிக்கு இறங்குவான். தோணியில் நிற்பவன் கயிற்றைக் கையிற் பற்றியிருப்பான். மூச்சு முட்டும் வேளையில் குளியாள் கயிற்றை வெட்டி இழுக்க, மேலே நிற்பவன் உடனே அவனைத் தூக்கிவிடுவான். தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும், அக் கயிறு கற்பிக்கும் பாடம் இன்றும் பழமையாகிவிடவில்லை.

கயிறு அசைந்தால் பொருள் தெளிவு. அசையாதிருந்தால் பொருள் யாது? குளியாள் நலமாக இருந்து சிப்பி பொறுக்குகின்றான் என்பதும் பொருளாகலாம். அவன் உணர்விழந்தான் என்பதும் பொருளாகலாம். கயிறே அவன் கையினின்றும் நழுவிற்று என்பதும் பொருளாகலாம். நலத்தின் அமைதியும் சாவின் அமைதியும் கயிற்றின் மேல்முனையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின், கயிறு பிடிப்பவன் அசைவை மட்டும் எதிர்பார்த்து நிற்றல் போதாது. சென்ற பொழுதையும் எண்ணிக்கொண்டிருத்தல் வேண்டும். அமைதியை நலம் என்று கொள்ளலாகாது என்னும் இந்த ஒரு கொள்கையே, இக்காலத்துத் தொலைக்காவற் கருவிகள் அனைத்திற்கும் உயிர்நிலையாவது. அதனை விளக்குதலே இக் கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயில்வார்க்கு மின்கருவியைப்பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். கருவி உணர்ந்ததை மக்கள் உணரும்படி செய்வது முடிவில் ஒரு சொல்லேயாம். அச் சொல் எப்போது பிறக்கவேண்டும், எப்போது பிறக்கலாகாது என்பதை வரையறுப்பதே எச்சரிக்கை எல்லை. சொல்லின் அருமையைக் கற்கும் நமக்கு இது புறம்பான பொருள் அன்று. மேலும், நம் நண்பர்களில் பலர் கடலோரத்து ஊரினர். அவர்தம் தந்தையரும் தமையன்மாரும் நாள்தோறும் கடல்மேற் செல்வோர்.

தொலைக்காவற் கருவியில் உறுப்புகள் மூன்று. நீரின் உயரம், காற்றின் வேகம், குளிர், வெப்பம், அழுத்தம் முதலியவற்றை உணர்ந்து மின்குறியாக மாற்றுவது முதலுறுப்பு. இதனைச் சென்சார் என்பர். நாம் உணரி என்போம். அம் மின்குறியை வாங்கி எண்ணாக மாற்றி, குறித்த எல்லையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் செய்வது இரண்டாம் உறுப்பு. அத் தீர்ப்பைக் கம்பி வழியாகவோ, கைப்பேசி வலை வழியாகவோ, செயற்கைத் துணைக்கோள் வழியாகவோ சேய்மையில் உள்ளார்க்குக் கொண்டு சேர்ப்பது மூன்றாம் உறுப்பு. குளியாளின் கை, தோணியில் நிற்பவனது மனம், இடையில் உள்ள கயிறு என்னும் மூன்றனையும் இவற்றோடு ஒப்பிட்டுக் காண்க.

உணரிகளிலும் இருவகை உண்டு. உண்டு, இல்லை என்னும் இரண்டே விடை தருவது ஒருவகை. சங்கு குளிப்பில், குறித்த விட்டத்திற்குக் குறைந்த இளஞ்சங்குகளைக் கொள்ளலாகாது என்பது விதி. சங்கை அளவுகருவியில் இட்டுப் பார்த்தால், அது தகும் அல்லது தகாது என்னும் இரண்டில் ஒன்றே விடையாக வரும். எவ்வளவு பெரிது என்பது அதனால் விளங்காது. தொட்டியில் நீர் நிரம்பியதும் மணி அடிக்கும் மிதவைப் பொறியும் இவ்வினத்தது. மற்றொருவகை, அளவு ஏறுந்தோறும் தானும் ஏறி, இறங்குந்தோறும் தானும் இறங்கி, இடைவிடாது உடன்செல்லும் குறியைத் தருவது. இதனை அனலாக் என்பர். கடலின் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் படிப்படியே நிகழ்வன ஆகலின், அவற்றை அளக்க இவ்வகையே ஏற்றது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஓதமானி ஒன்று உண்டு. 1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் இது. இவ்விடத்து ஓதத்தின் ஏற்றவற்றம் பொதுவாக ஒரு மீட்டரை எட்டாது. ஓதமானிகள் பலவகையின. நீரின்மேல் உயரத்தில் நின்று ரேடார் அலையை வீசி, அது மீண்டுவரும் காலத்தால் நீர்மட்டத்தை அளப்பன சில. நீரினடியில் இருந்து, மேலுள்ள நீரின் அழுத்தத்தால் அதன் உயரத்தை அளப்பன சில. எவ்வகையாயினும், அளந்த அளவைக் கருவிக்குத் தெரிவிக்க ஒரு மின்குறி வேண்டும்.

தொழிற்சாலைகளிலும் துறைமுகங்களிலும் பெருவழக்காய் உள்ள மின்குறி, 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை செல்லும் மின்னோட்டமாகும். அளவின் கீழெல்லைக்கு 4, மேலெல்லைக்கு 20, இடைப்பட்ட அளவுகளுக்கு இடைப்பட்ட மின்னோட்டம் என்று வகுத்துள்ளனர். மின்னழுத்தத்தைக் குறியாகக் கொள்ளாது மின்னோட்டத்தைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. நெடுங்கம்பியின் மின்தடையால் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். மின்னோட்டமோ, ஒரு சுற்றின் எப்பகுதியிலும் ஒரே அளவினதாய் இருக்கும். வாய்க்காலில் புகுந்த நீர் இடையில் ஒழுகாதாயின் கடைமடையிலும் அதே நீர் வருதல் போல. உப்பங்காற்றில் முனைகள் களிம்பேறித் தடை சிறிது கூடினும், சுற்றுக்கு வேண்டிய அழுத்தம் இருக்குமட்டும் உணரி தன் ஓட்டத்தைக் குறையாது செலுத்தும். உப்பளங்கள் சூழ்ந்த நம் நகரத்திற்கு இவ்வியல்பு பெரிதும் உதவுவதாகும்.

இனி, கீழெல்லைக்குச் சுழி என்று வையாமல் 4 என்று ஏன் வைத்தனர்? இதிலேதான் நுட்பம் அடங்கியிருக்கின்றது. கீழெல்லைக்குச் சுழி என்று வைத்திருப்பின், நீர் மிக வற்றியபோதும் மின்னோட்டம் சுழி. கம்பி அறுந்தபோதும் மின்னோட்டம் சுழி. இரண்டையும் பிரித்தறிய வழி இராது. 4 என்று வைத்தமையால், நீர் வற்றியிருப்பினும் உணரி 4 மில்லி ஆம்பியரைச் செலுத்தி, ‘யான் உயிரோடிருக்கின்றேன், நீர்தான் வற்றியுள்ளது’ என்று கூறியவண்ணம் இருக்கும். சுழி வருமாயின், ‘நீர் இல்லை’ என்பது அதன் பொருளன்று. ‘செய்தி இல்லை’ என்பதே பொருள். இதனாலேயே 3.6-க்குக் கீழும் 21-க்கு மேலும் வரும் ஓட்டத்தை அளவு என்று கொள்ளாது, பழுது என்று கொள்ளுதல் தொழிலோர் வழக்கமாயிற்று. கருவியை அமைப்போர், நீர்மட்டத்திற்குரிய எல்லைகளோடு இப் பழுதெல்லைகளையும் மறவாது குறித்தல் வேண்டும்.

வியப்பு யாதெனில், மின்கருவிகள் தோன்றுமுன்னரே நம் துறைமுகங்கள் இந் நுட்பத்தை அறிந்திருந்தமையே. 1864-ஆம் ஆண்டு கல்கத்தாவைப் பெரும்புயல் அழித்தபின், 1865-இல் அத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. நாளடைவில் பிற துறைமுகங்களுக்கும் பரவிற்று. இன்று இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயற்குறிகள் பதினொன்று. பகலில் கூம்பு, உருளை முதலிய வடிவங்களாலும், இரவில் செவ்விளக்கு வெள்விளக்குகளாலும் இவை காட்டப்படும். ‘கூண்டு ஏற்றினர்’ என்று நாம் வழங்குவது இதனையே. முதலிரண்டும் சேய்மையில் உள்ள கேட்டைக் குறிப்பன. மூன்றும் நான்கும் துறைமுகத்தையே தாக்கக்கூடிய கடுங்காற்றைக் குறிப்பன. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பத்திற்குமேல் என்ன இருக்க முடியும்? பதினோராம் குறி புயலின் வன்மையைக் கூறுவதன்று. வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித்தொடர்பு அறுந்தது. கெடுகாலநிலை நேரலாம் என்று துறைமுக அதிகாரி கருதுகின்றார் என்பதே அதன் பொருள். செய்தியின்மையையே ஒரு செய்தியாக்கி, அதனையும் கம்பத்தில் ஏற்றிக் காட்டிய முன்னோர் அறிவுடையோர் அன்றோ!

நிற்க. மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றும் முறையைக் காண்போம். எடுத்துக்காட்டாக, 0 முதல் 5 மீட்டர் வரை அளக்கும் நீர்மட்ட உணரி ஒன்றைக் கொள்வோம். 4-க்கும் 20-க்கும் இடையே உள்ளவை 16 மில்லி ஆம்பியர். அவை 5 மீட்டரைக் குறிப்பனவாதலின், வந்த ஓட்டத்தில் 4-ஐக் கழித்து, 16-ஆல் வகுத்து, 5-ஆற் பெருக்கினால் நீர்மட்டம் கிடைக்கும். 12 மில்லி ஆம்பியர் வந்தால் 2.5 மீட்டர், 7.2 வந்தால் 1 மீட்டர். கருவியின் வாயிலில் 250 ஓம் தடை ஒன்று இருப்பின், இவ்வோட்டம் 1 முதல் 5 வோல்ட் வரையுள்ள அழுத்தமாக மாறும். அதனைக் கருவி சிறுசிறு படிகளாகப் பகுத்து எண்ணும். 5 வோல்ட்டை 4,096 படிகளாகப் பகுக்கும் கருவியாயின், நம் எடுத்துக்காட்டில் ஒரு படி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீராகும். இதனையே 50 மீட்டர் வரை அளக்கும் உணரியாகக் கொண்டால், ஒரு படி 15 மில்லிமீட்டராகிவிடும். பெரிய உணரி நன்றென்று கொள்ளுதல் பேதைமை. அளக்கவேண்டிய அளவிற்கேற்ற உணரியே நன்று. பொன் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையையும், மூட்டைத் தராசில் பொன்னையும் நிறுப்பார் உளரோ?

இங்கே நேரக்கூடிய பிழையொன்றைக் கூறுதல் வேண்டும். உணரி 4 முதல் 20 வரை செலுத்துவதாயிருக்க, கருவியில் 0 முதல் 20 என்று தவறாகக் குறித்துவிட்டால் என் ஆகும்? 7.2 மில்லி ஆம்பியருக்கு 1 மீட்டர் காட்டவேண்டிய கருவி 1.8 மீட்டர் காட்டும். ஆனால் 20 மில்லி ஆம்பியர் வரும்போது இருவகையிலும் 5 மீட்டரே வரும். மேலெல்லையில் மட்டும் சோதித்தவர் எல்லாம் செவ்வையென்று எண்ணித் திரும்பிவிடுவர். ஆகவே சோதனை எப்போதும் இரண்டிடங்களிலேனும், ஒன்று கீழும் ஒன்று மேலுமாகச் செய்யப்படல் வேண்டும். அன்றியும், கருவி காட்டும் எண்ணைத் துறையில் நாட்டிய அளவுகோலோடு கண்ணால் ஒப்பிட்டும் காணல் வேண்டும்.

கம்பியினால் நேரும் பிழைக்கு மீன் பதனிடும் குளிரறை ஒன்று சான்றாகும். உறையவைத்த மீனைச் சுழிக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் வைத்தல் முறை. அங்கே பிளாட்டினத்தாலான உணரியை இடுவர். அதன் மின்தடை சுழிப்பாகையில் 100 ஓம். ஒரு பாகை குறையின் ஏறத்தாழ 0.39 ஓம் குறையும். இவ்வுணரியை இரு கம்பிகளால் மட்டும் நெடுந்தொலைவு கொண்டுசெல்வோமாயின், கம்பியின் தடையும் அதனோடு சேரும். கம்பியின் தடை 1 ஓம் ஆனாற்கூட, கருவி உண்மைக்கு மேல் இரண்டரைப் பாகைக்கு அதிகமான வெப்பத்தைக் காட்டிவிடும். மூன்றாம் கம்பி ஒன்றைச் சேர்த்து, கம்பித் தடையைத் தனியே அளந்து கழித்தலே இதற்குப் பரிகாரம். அருகில் மின்பொறிகள் ஓடுமிடத்தில், கம்பிகளை முறுக்கியும், உலோக உறையிட்டும், அவ்வுறையை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைத்தும் வைத்தால், அப் பொறிகளின் இரைச்சல் குறியிற் கலவாது.

இதுகாறும் அளவைப்பற்றிக் கூறினோம்; இனி எல்லையைப்பற்றிக் கூறுவோம். ஓர் அளவிற்குப் பொதுவாக நான்கு எல்லைகள் வகுப்பர். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலிரண்டில் முதலாவது ‘கவனி’ என்பது. இரண்டாவது ‘செயல்படு’ என்பது. கீழிரண்டும் அவ்வாறே. முதலெல்லைக்கும் இரண்டாம் எல்லைக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணளவிற் பார்த்து வைத்தல் கூடாது. செயலுக்கு வேண்டிய காலத்தைப் பார்த்து வைத்தல் வேண்டும். தோணிகளைக் கரையேற்ற ஒரு மணி நேரம் வேண்டுமாயின், வெள்ளம் வாயிலை எட்டுதற்கு ஒரு மணிக்கு முன்னரே ஒலிக்கும்படி முதலெல்லை அமைதல் வேண்டும். வந்தபின் ஒலிக்கும் மணி எச்சரிக்கை ஆகாது. அது துக்க அறிவிப்பாகவே முடியும்.

எல்லைக்கோடு ஒன்றே ஒன்றாய் இருப்பின் வேறொரு தொல்லை விளையும். நீர்மட்டம் 1.50 மீட்டரைத் தாண்டினால் மணி அடிக்கவேண்டும் என்று வைத்தோம் எனக் கொள்க. சிற்றலைகளால் நீர் 1.49-க்கும் 1.51-க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கும். மணியும் அடிப்பதும் ஓய்வதுமாய் ஓர் இரவில் நூறு முறை அலறும். காவலன் சலிப்புற்று மணியின் வாயைக் கட்டிவிடுவான். இதனைத் தவிர்க்க வழி இரண்டு. ஏறும்போது 1.50-இல் தொடங்கிய எச்சரிக்கை, இறங்கும்போது 1.40-இற்றான் நீங்கவேண்டும் என்று இடைவெளி வைத்தல் ஒன்று. எல்லை கடந்த நிலை குறித்த காலம் நீடித்தால்மட்டும் மணி அடிக்கட்டும் என்று தாமதம் வைத்தல் மற்றொன்று. மேற்கூறிய குளிரறையில் சுமையேற்றக் கதவைத் திறந்தால், சில நிமிடம் காற்று வெப்பமுறும். மீனோ அதற்குள் உருகிவிடாது. அங்கே தாமதம் தகும். ஆனால் நொடிப்பொழுதும் பொறுக்கலாகாத கேட்டிற்கு அதே தாமதத்தை வைத்தால் அது கொலைக்கு ஒப்பாகும். ஆகலின், எல்லை வகுப்போன் கருவியை அறிந்தாற் போதாது. காக்கப்படும் பொருளின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சில இடங்களில், அளவு எவ்வளவு என்பதனைவிட, எதிர்பார்த்ததினின்று எவ்வளவு விலகிற்று என்பதே வினாவாகும். ஆழ்கடலில் சுனாமியை உணரும் கருவி இதற்குச் சிறந்த சான்று. நடுக்கடலில் சுனாமியின் உயரம் மிகச் சிறிது. கப்பலில் இருப்போர் அதனை உணரார். அதனினும் பன்மடங்கு பெரிதாய் ஓதம் நாள்தோறும் ஏறியிறங்குகின்றது. எனவே இவ்வளவு உயர்ந்தால் எச்சரிக்க என்று எல்லை வைத்தல் பயன்படாது. அமெரிக்கர் பசிபிக் கடலில் நிறுவிய முறையில், கடலடியில் வைத்த அழுத்தமானி 15 நொடிக்கு ஒருமுறை நீரின் எடையை அளக்கின்றது. கடந்த மூன்று மணி நேரத்து அளவுகளைக்கொண்டு, இப்பொழுது ஓதம் எவ்வளவாய் இருக்கவேண்டும் என்று தானே கணிக்கின்றது. கணித்ததற்கும் அளந்ததற்கும் உள்ள வேற்றுமை, அடுத்தடுத்து இருமுறை குறித்த எல்லையைத் தாண்டினால் விழித்துக்கொள்கின்றது. வட பசிபிக்கில் அவ்வெல்லை 3 சென்டிமீட்டர். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்து நீரில் 3 சென்டிமீட்டர் வேறுபாட்டைக் காணும் திறம் வியக்கத்தக்கது. அவ்வாறு விழித்த கருவி ஒலியலையால் மேலுள்ள மிதவைக்குக் கூற, மிதவை துணைக்கோள் வழியாகக் கரைக்குக் கூறுகின்றது.

இத்தகைய காவல் இல்லாமையால் விளைந்த கேட்டை நாம் அறிவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை 6.29 மணியளவில் சுமத்திராவின் மேற்கே கடலடி நிலம் அதிர்ந்தது. தமிழகக் கரையை அலை எட்ட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அவ்விடைப்பொழுதில் நம் மீனவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தனர். சிறுவர் கரையில் விளையாடிக்கொண்டிருந்தனர். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவருள் 6,000-க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். தூத்துக்குடி உள்ளிட்ட பல துறைமுகங்களின் ஓதமானிகள் அன்றும் தம் கடமையைச் செய்தன. அவ்வலையைச் செவ்வையாகப் பதிவு செய்தன. அப் பதிவுகள் பின்னர் அறிஞரின் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. ஆனால் அளந்ததை அப்பொழுதே ஓர் எல்லையோடு ஒப்பிட்டு அடுத்த ஊருக்கு உரைக்கும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அந் நாளில் இல்லை. கண் இருந்தது, நா இல்லை.

அதன்பின் 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியத் தேசியக் கடல்சார் தகவற் சேவை மையத்தின்கண் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் தொடங்கிற்று. இந்தியப் பெருங்கடலில் 6.5-உம் அதற்கு மேற்பட்டதுமான நில அதிர்ச்சி நேரின் அஃது அறிக்கை விடுக்கும். கரையில் எதிர்பார்க்கும் அலை 2 மீட்டருக்கு மேலாயின் முதல்தர எச்சரிக்கை. அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரையாயின் இரண்டாந்தரம். அதற்குக் கீழாயின் விழிப்பாயிருக்க என்னும் மூன்றாந்தரம். தரத்திற்கேற்பச் செயலும் வேறுபடும். 2012 ஏப்ரல் 11-ஆம் நாள் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ச்சி உண்டாயிற்று. எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஆனால் அம்முறை நிலத்தட்டுகள் மேலெழாது பக்கவாட்டில் நழுவினமையால், நீர் பெரிதும் எழவில்லை. கடல்மட்டக் கருவிகள் சிற்றலைகளையே காட்ட, எச்சரிக்கை அன்றே விலக்கப்பட்டது. அதிர்ச்சியின் அளவொன்றையே நம்பியிருந்தால் மக்கள் காரணமின்றி நெடுநேரம் அஞ்சியிருப்பர். அச்சத்தை எழுப்பவும் அதனை ஆற்றவும் கருவியே உதவிற்று.

எல்லையை மிகத் தாழ்த்தி வைத்தால் ‘புலி வருகிறது’ என்று பலமுறை கூவிய சிறுவன் கதையாகும். மெய்யாகவே புலி வருங்கால் ஒருவரும் எழார். மிக உயர்த்தி வைத்தால் புலி பட்டியில் புகுந்தபின்னரே கூவுவோம். நடுவிடத்தைக் காண்பது கணக்கினால்மட்டும் முடிவதன்று. வீண் எச்சரிக்கையால் மீனவன் இழப்பது ஒரு நாட்கூலி. தவறிய எச்சரிக்கையால் இழப்பது அவன் உயிர். இரண்டும் சமமல்ல, ஆயினும், பல நாட்கூலியை இழந்தவன் அடுத்த எச்சரிக்கையை நம்பான். அந் நம்பிக்கையே எச்சரிக்கையின் முதற்பொருள். அதனை வீணே செலவிடலாகாது. எனவே எல்லைகளை ஒருமுறை வகுத்துவிட்டு மறத்தல் தகாது. எத்தனை முறை மணி அடித்தது, அவற்றுள் எத்தனை மெய் என்று ஏட்டிற் குறித்துவைத்து, ஆண்டுதோறும் திருத்துதல் வேண்டும்.

மீண்டும் அமைதியின் பொருளுக்கு வருவோம். சேய்மையில் உள்ள கருவி, கேடு நேர்ந்தால்மட்டும் பேசுவதாய் அமைத்தல் தவறு. ஒன்றும் நேராதபோதும் குறித்த காலத்திற்கு ஒருமுறை, ‘யாவும் நலம்’ என்று அது கூறவேண்டும். அவ்வுரை உரிய நேரத்தில் வாராதாயின், அதனையே ஓர் எச்சரிக்கையாகக் கரையிலுள்ளார் கொள்ளவேண்டும். மின்கலம் தீர்ந்ததோ, கம்பி அறுந்ததோ, கருவியே இல்லையோ என்று உடனே ஆராயவேண்டும்.

கருவியே இல்லாது போதல் மிகைக்கூற்றன்று. நடுக்கடலில் மிதவைகள் அழிவதற்குப் புயலைப்போலவே மனிதனும் காரணமாகின்றான். மிதக்கும் பொருளின் நிழலில் மீன்கள் கூடும் இயல்பின. அதனையறிந்த படகினர் மிதவையின் அருகே வலை வீசுவர். படகை அதனோடு கட்டுவர். அதனால் உணரிகள் ஒடியும், கயிறு அறும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 1997 முதல் இந்தியக் கடல்களில் மிதவைகளை இட்டு வருகின்றது. இத்தகைய சேதத்தைத் தவிர்க்குமாறு மீனவரிடையே எடுத்துரைத்தும் வருகின்றது. படகினரை நாம் பழித்தல் எளிது. அம் மிதவை யாருக்காக இருக்கின்றது என்பதை அவர் மொழியில் யார் அவர்க்குச் சொன்னார்? தன் கயிற்றைத் தானே அறுக்கும் குளியாள் இரான். அது தன் கயிறென்று அறியாதவனே அறுப்பான்.

உணரியும் எல்லையும் செவ்வனே அமைந்தும், கடைசிக் காதத்தில் சொல் நின்றுபோதலும் உண்டு. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் விரைவாக வலுத்தபோது, பல நாள் தங்கித் தொழில் செய்ய ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலர்க்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசியின் வலை கரையினின்றும் சில கல் தொலைவிலேயே முடிந்துவிடும். அதற்கப்பால் செய்தி சேர்க்க, துணைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் ஜெமினி என்னும் சிறுகருவி 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிடப்பட்டது. 2009 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகள் சுனாமி ஒத்திகைகளையும் நடத்தி வருகின்றன. ஒத்திகையின் பயன் கருவியைச் சோதிப்பதோடு முடிவதில்லை. நள்ளிரவில் மணி அடித்தால் எழுபவர் யார், அவர் யாருக்குச் சொல்வார், சொல்லக் கேட்டவர் எவ்வழியே எம்மேட்டிற்குச் செல்வார் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதும் அதன் பயனே.

சுருங்கக் கூறின், அளக்கவேண்டிய பொருளுக்கேற்ற உணரியைத் தெரிதல், உயிருள்ள சுழியையும் செத்த சுழியையும் பிரித்தறிய வைத்தல், இரண்டிடத்திற் சோதித்தல், செயலுக்கு வேண்டிய காலத்தை எண்ணி எல்லை வகுத்தல், இடைவெளியும் தாமதமும் பொருளறிந்து இடுதல், நலச்செய்தி தவறின் கேடென்று கொள்ளுதல், சொல் கடைசி மனிதனை எட்டிற்றா என்று ஆராய்தல் ஆகிய இவை ஏழும் தொலைக்காவலின் உறுப்புகளாம். இவற்றுள் முதலைந்து கருவியைச் சார்ந்தன. ஆறாவது கரையில் விழித்திருப்போரைச் சார்ந்தது. ஏழாவது நம் அனைவரையும் சார்ந்தது. பௌதிகம் பயிலும் நண்பர் முன்னையவற்றை மேற்கொள்க. தமிழ் பயிலும் நாம், வானிலை அறிக்கையையும் எச்சரிக்கைத் தரங்களையும் நம் ஊர்த் துறையில் உள்ளார்க்கு ஐயமின்றி விளங்கும் சொற்களில் எடுத்துரைப்போமாக. கயிற்றின் ஒரு முனையைக் கருவி பற்றியிருக்கின்றது. மறுமுனையில் ஒரு கை இருத்தல் வேண்டும்.